பையன் மேல் தப்பு இருக்காது அண்ணே, மேக் முகவரியைப் பாருங்கள்

மேலூர் அண்ணே, பையனைத் திட்டாதீர்கள். பையன் போனில் 'அபவுட் போன்' பக்கத்தில் பார்த்த மேக் முகவரியை, அதாவது வைஃபையில் அந்த போனை அடையாளம் காட்டும் குறியை, ரவுட்டரில் போட்டு இரவு 10 மணிக்கு மேல் நெட்டை நிறுத்தியும் ஓடுகிறது, அவன் ஏதோ செய்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் வைஃபையில் சேரும்போது நிஜ முகவரியைக் காட்டாமல் தானாக உருவாக்கிய வேறொன்றைத்தான் காட்டும், அதனால் நீங்கள் ரவுட்டரில் போட்ட பூட்டு அதைப் பிடிக்காது. போகிற இடமெல்லாம் நம் போனை யாரும் பின்தொடராமல் இருக்க வந்த நல்ல ஏற்பாடு அது, வீட்டில்தான் இடிக்கிறது. செட்டிங்ஸில் உங்கள் வைஃபை பெயரைத் தொட்டு, பிரைவசி என்ற இடத்தில் 'டிவைஸ் மேக்' என்று மாற்றுங்கள், பூட்டு விழும். சிம்மில் டேட்டா இருந்தால் ரவுட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநகரில் நானும் இதே காரணத்துக்கு மகளை ஒரு வாரம் சந்தேகப்பட்டேன், அப்புறம் விஷயம் தெரிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் வீட்டில் ரவுட்டர் பூட்டே இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் போன் உட்பட எல்லாம் ஹாலில் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். நீங்கள் அந்த செட்டிங்கை மாற்றும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் என்று சொல்லிச் செய்யுங்கள்.