கேளுங்கள், சொல்கிறோம்: ஆறு நாள் லீவுக்குப் பாதி பிசிபி போகுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணி (குமாஸ்தா) வேலை. சம்பளம் 5,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு ஈப்போவில் ஆபரேஷன் என்று ஜூலையில் 6 நாள் சம்பளமில்லா லீவு எடுத்தேன். 968 வெள்ளி பிடித்தார்கள், சரி. ஆனால் மாதாமாதம் 110 வெள்ளி போன பிசிபி (சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற வருமான வரி) 52 ஆகிவிட்டது. சம்பளம் ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது? மிச்சத்தை வருஷக் கடைசியில் அபராதத்தோடு கேட்பார்கள் என்று ஆபீசில் பயமுறுத்துகிறார்கள். அதே சம்பளம் வாங்கும் நண்பர் ஜூலை முழுக்க லீவு. ஆகஸ்டில் அவருக்கு 72 வெள்ளிதான் பிடித்தார்கள். அது எப்படி?

பதில்: பயப்படாதீர்கள், ஆபீஸ் கணக்கு சரிதான். பிசிபி அந்த மாதச் சம்பளத்துக்கு மட்டும் போடுகிற வரி இல்லை. ஒவ்வொரு மாதமும் முழு வருஷக் கணக்கையே போட்டுப் பார்ப்பார்கள்: இதுவரை வாங்கியது, இந்த மாதம் வாங்கியது, அப்புறம் மீதி மாதங்களிலும் இதே சம்பளம்தான் வரும் என்ற அனுமானம். ஜூலையில் உங்கள் சம்பளம் 4,032 ஆனதும், டிசம்பர் வரை அவ்வளவுதான் என்று கணினி எடுத்துக்கொண்டது. அதனால்தான் அந்த ஒரு மாதத்தில் அப்படிச் சரிந்தது.

வருஷத்துக்கு 60,000. அதில் உங்கள் சொந்த வரிக்கழிவு (வரி போடாமல் விடுகிற தொகை) 9,000, இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிக்கான வரிக்கழிவு 4,000 போனால் 47,000 (சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கான கழிவைச் சேர்க்கவில்லை). முதல் 35,000க்கு வரி 600 வெள்ளி, மிச்சம் 12,000க்கு 6 விழுக்காடு, அதாவது 720. மொத்தம் 1,320, மாதம் 110. நீங்கள் இழந்த 968 வெள்ளி முழுக்க அந்த 6 விழுக்காட்டுப் பகுதியில் இருந்த பணம், அதனால் வருஷ வரி 58 வெள்ளி குறைகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதமும் 968 குறையும் என்று எடுத்துக்கொண்டு, குறையும் வரியை அந்த ஆறு மாதத்துக்கும் பிரித்ததால், அந்த 58 தான் ஜூலையிலேயே மொத்தமாகக் கழிந்தது. முழுச் சம்பளம் வந்தால் ஆகஸ்டில் மறுபடி 110 ஆகிவிடும். கட்டவேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

பார்க்கவேண்டியது சம்பளச் சீட்டைத்தான். சில இடங்களில் 5,000க்கே பிசிபியும் இபிஎஃப்பும் போட்டுவிட்டு, லீவுப் பணத்தைக் கடன் தவணை பிடிக்கிற மாதிரி கடைசி வரியில் கழிப்பார்கள். அது தப்பு, இஏ பாரத்திலும் (முதலாளி கொடுக்கிற வருஷச் சம்பள அறிக்கை) 60,000 என்றே வந்து நிற்கும். உங்கள் சீட்டில் இபிஎஃப் 550லிருந்து 445 பக்கம் இறங்கியிருந்தால் முறையாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நண்பர் கதை வேறு. ஜூலையில் சம்பளமே இல்லை, பிசிபியும் இல்லை. வருஷ வருமானம் 55,000 ஆகி வரி 1,020க்கு வந்தது, அதாவது 300 குறைவு. ஆனால் ஜூலையில் அவருக்கு மிச்சமானது 110 தானே, மீதி 190 எங்கே போகும்? ஜூன் வரை கட்டிய 660 போக 360 பாக்கி, அதை ஐந்து மாதத்துக்குப் பிரித்தால் 72. மாதம் 38 குறைவு, ஐந்து மாதத்தில் அந்த 190 சரியாகிவிடும். டிசம்பர் வரை அவருக்கு அவ்வளவுதான் பிடிப்பார்கள்.