முந்துகிறார் என்றால் வெல்கிறார் என்றா பொருள்? அமெரிக்க பிரைமரி கணிப்புகள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அந்தக் கட்சியின் வாக்காளர்களே வாக்குச்சாவடிக்குப் போய் முடிவு செய்கிறார்கள். அதற்குத்தான் பிரைமரி என்று பெயர். அந்தத் தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே வரத் தொடங்கும் கருத்துக்கணிப்புகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாக இந்தக் கணிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஏமாந்தும் இருக்கிறேன்.

வாக்குப்பதிவுக்கு ஓர் ஆண்டு முன்பே ஒருவர் 20 சதவீதப் புள்ளி முன்னிலை என்று செய்தி வருகிறது. நம்பலாமா?

அன்றைக்கு மக்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதை நம்பலாம். அதற்கு மேல் எதையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007ஆம் ஆண்டின் பெரும்பகுதியில், அதிபர் வேட்பாளர் யார் என்று கேட்ட குடியரசுக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் ரூடி ஜூலியானிதான் முதலிடம். 2008 ஜனவரி 29 அன்று, தான் முழுவதும் நம்பியிருந்த ஃபுளோரிடாவில் மூன்றாவதாக வந்தார். மறுநாள் போட்டியிலிருந்து விலகினார். அதே 2007இன் இலையுதிர் காலத்தில் ஜனநாயகக் கட்சியில் ஹிலரி கிளின்டன் ஒபாமாவைவிட 20 புள்ளிகளுக்கு மேல் முந்தியிருந்தார். அதிபர் பிரைமரி மாநிலம் மாநிலமாக, வெவ்வேறு நாட்களில் நடக்கும். 2008 ஜனவரி 3 அன்று, அந்த ஆண்டு முதலில் வாக்களித்த ஐயோவாவில் ஒபாமா முதலிடம், ஹிலரி மூன்றாமிடம். இரண்டு கட்சிகளிலும் ஒரே ஆண்டில் இப்படி நடந்தது.

ஏன் இப்படித் தலைகீழாகிறது?

பொதுத் தேர்தலில் வாக்காளரைக் கட்சி கட்டிப்போட்டு வைத்திருக்கும். பிரைமரியில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள். கொள்கையிலும் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போவதில் வாக்காளருக்கு மனக்கூச்சமே இல்லை. தொலைபேசியில் பத்துப் பெயர்களைப் படித்துக் காட்டி யாருக்கு வாக்கு என்று கேட்டால், கேட்டுப் பழகிய பெயரைத்தான் சொல்வார். ஆகவே தொடக்கக் கணிப்பு பெரும்பாலும் அளப்பது பெயர் அறிமுகத்தைத்தான்.

400 பேரிடம் எடுத்த கணிப்பில் 5 புள்ளி முன்னிலை. பெரிய விஷயமா?

இல்லை. 400 பேர் என்றால் ஒவ்வொருவரின் எண்ணிலும் ஏறத்தாழ 5 புள்ளி மேலோ கீழோ போகலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் அந்தப் பிழை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். 1000 பேரிடம் கேட்டாலும் தனி எண்ணில் 3 புள்ளி ஆட்டம் இருக்கும்.

நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் 2025இல் என்ன நடந்தது? கணிப்பாளர்கள் தவறு செய்தார்களா?

இதை விரிவாகச் சொல்ல ஆசை. முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ மார்ச் மாதம் களத்தில் இறங்குவதற்கு முன்பே கணிப்புகளில் முதலிடத்தில் இருந்தார். அவருடைய தந்தை மரியோ குவோமோவும் அங்கே ஆளுநராக இருந்தவர். அந்தப் பெயரை அறியாத வாக்காளர் அரிது. அப்போது குயின்ஸ் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சோரான் மம்தானி பிப்ரவரியில் 1 சதவீதம் அளவில் இருந்தார். ஜூன் 24 அன்று வாக்குப்பதிவு முடிந்து, கடைசிச் சுற்று எண்ணிக்கையில் மம்தானி 56, குவோமோ 44.

பிப்ரவரிக் கணிப்பு பொய் சொல்லவில்லை. அன்றைக்கு மம்தானியை உண்மையிலேயே பலருக்குத் தெரியாது. தவறு நடந்தது பின்னால். யார் வாக்களிக்க வருவார்கள் என்று நிறுவனங்கள் ஊகிக்க வேண்டும். பல நிறுவனங்கள் பழைய பிரைமரிகளில் வாக்களித்தவர்களின் பட்டியலை வைத்து ஊகித்தன. அந்தப் பட்டியலில் முதியவர்கள் அதிகம். இம்முறை இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். வாடகையை உயர்த்த விடமாட்டேன், பஸ்ஸில் கட்டணம் இராது என்ற வாக்குறுதிகளோடு தொண்டர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டவர்கள் வந்து நின்றால் எந்தக் கணக்கும் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. அங்கே ஒரு வாக்காளர் ஐந்து வேட்பாளர்கள் வரை தன் விருப்பப்படி வரிசைப்படுத்தலாம். முதல் விருப்பத்தில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், கீழே இருப்பவர்களை நீக்கி அவர்களுடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். மம்தானியும் இன்னொரு வேட்பாளரான பிராட் லேண்டரும் ஒருவரை ஒருவர் வரிசையில் சேர்க்கச் சொல்லி வாக்குக் கேட்டார்கள். முதல் விருப்பத்தை மட்டும் பார்த்து முன்னிலை சொன்னவர்கள் பாதிக் கதையைத்தான் சொன்னார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் இதே நகரில் இந்தப் பாடம் கிடைத்தது. 2021இல் தொடக்கத்தில் முந்தியவர் ஆண்ட்ரூ யாங். வாக்கு எண்ணியபோது அவருக்கு நான்காமிடம். வென்றவர் எரிக் ஆடம்ஸ்.

அப்படியானால் முதலில் முந்துபவர் தோற்பார் என்றே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2000இல் இரண்டு கட்சிகளிலும் தொடக்கத்தில் முந்திய அல் கோரும் ஜார்ஜ் புஷ்ஷுமே வேட்பாளர் ஆனார்கள். 2015 ஜூலையில் முதலிடம் பிடித்த டிரம்பை, கோடை முடிந்தால் காணாமல் போவார் என்று பலர் ஒதுக்கினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரோ பெரும்பாலும் அந்த இடத்தை விடவே இல்லை. 2024இல் ஐயோவாவில் 51 சதவீதம் பெற்றார், எதிர்த்து நின்ற டிசான்டிஸ் 21தான்.

எண்ணின் உயரத்தைவிட அதன் பிடிமானத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஆதரவு, எல்லோருக்கும் தெரிந்த முகம், அப்படியும் மாதக்கணக்கில் இறங்காத எண் என்றால் அது உறுதியான முன்னிலை. போட்டியாளர்களின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாத நிலையில் வரும் 30 சதவீதம் வேறு.

2020இல் பைடன் முந்தினார், விழுந்தார், மீண்டும் எழுந்தார். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

2019 முழுவதும் தேசிய அளவில் பெரும்பாலும் அவரே முதலிடம். பிறகு ஐயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஆனால் அவருடைய பலம் கறுப்பின வாக்காளர்களிடம் இருந்தது. அந்த இரு மாநிலங்களிலும் அவர்கள் மிகக் குறைவு. பிப்ரவரி 29 அன்று தெற்கு கரோலினா வந்தது, அங்கே ஏறக்குறைய பாதி வாக்குகள் அவருக்கு. அடுத்த இரண்டு நாட்களில் போட்டியாளர்களான பூட்டிஜெட்ஜும் குளோபுச்சாரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் 10 அவருடையவை. தேசியக் கணிப்பை மட்டும் பார்த்தாலும், ஐயோவாவை மட்டும் பார்த்தாலும் இது புரிந்திருக்காது.

துளசேந்திரபுரத்து வேர் கொண்ட கமலா ஹாரிஸ் 2019இல் ஏன் ஒரு வாக்குப்பதிவைக்கூடச் சந்திக்கவில்லை?

2019 ஜூன் 27 அன்று நடந்த வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்துக்குப் பிறகு அவருடைய எண் வேகமாக ஏறியது. கோடை முடிவதற்குள் இறங்கியது. எண் இறங்கினால் நன்கொடை வற்றும். பணம் இல்லாவிட்டால் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாவிட்டால் எண் இன்னும் இறங்கும். டிசம்பர் 3 அன்று பணம் போதவில்லை என்று சொல்லி விலகினார். ஐயோவாவில் வாக்குப்பதிவு பிப்ரவரி 3.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். அந்த ஆண்டு டிசம்பர் விவாத மேடையில் ஏற 200,000 நன்கொடையாளர்களோடு, குறைந்தது நான்கு கணிப்புகளில் 4 சதவீதமாவது வேண்டும், அல்லது தொடக்க மாநிலக் கணிப்புகள் இரண்டில் 6 சதவீதம் வேண்டும் என்று கட்சி விதி வைத்தது. இன்னொரு போட்டியாளரான கோரி புக்கருக்கு மேடை கிடைக்கவில்லை. அவரும் ஜனவரியில் போய்விட்டார். பெயர் அறிமுகத்தை அளக்கும் கருவியை வாயிற்காவலனாக நிறுத்தினால், அறிமுகம் இல்லாதவர் எப்போதுதான் அறிமுகமாவது? சில நூறு பேரின் தொலைபேசிப் பதிலுக்குக் கிடைத்த அதிகாரம், ஐயோவாவில் பனியில் நடந்து வந்து வாக்களிக்கக் காத்திருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.