ஒரு தாள், எட்டுப் பக்கம்

கேள்வி: ஆய்வுப் படிப்பில் அன்றாடம் கிடைக்கும் சின்னச் சந்தோஷங்களை வைத்து ஒரு ஸீன் செய்கிறேன். ஒரே ஏ4 தாளை மடித்தால் பக்கங்கள் வரிசை மாறி, தலைகீழாக வருகின்றன. ஏன்?
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: ஸீன் என்பது நாமே எழுதி, வரைந்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் குட்டி இதழ். விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைக்குத் தங்கை முறை. ('ஸீன் போடுவது' வேறு.)

தாளைப் படுக்கவாட்டில் வைத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே மூன்று மடிப்பு போடுங்கள். சுமார் 74 × 105 மி.மீ. அளவில் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். கீழ் வரிசையில் இடமிருந்து 8, 1, 2, 3. இதில் 1 முன்னட்டை, 8 பின்னட்டை. பிறகு தாளைப் பின்பக்கம் புரட்டாமல், அப்படியே தலைகீழாகச் சுற்றுங்கள். இப்போது கீழே வந்திருக்கும் வரிசையில் இடமிருந்து 4, 5, 6, 7. சுற்றாமல் எழுதுவதால்தான் குழப்பம்.

தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் கத்தரியுங்கள். திறந்த பக்கத்திலிருந்து கத்தரித்தால் புத்தகமாக மடியாது. பிரித்து, எழுத்து வெளியே தெரிய நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு விரிந்து கூட்டல் குறிபோல நிற்கும். முன்னட்டை வெளியே வரும்படி சுற்றி மடியுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸில் ஓர எழுத்து காணாமல் போகிறது. மடிப்பும் தள்ளிப்போகிறது.
– முதுகலை மாணவர், மதுரை

பதில்: பெரும்பாலான இயந்திரங்கள் தாளின் ஓரத்தில் 5 மி.மீ. வரை அச்சிடாது. ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றிலும் 7 மி.மீ. காலியாக விடுங்கள். மடிப்பு தள்ளிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் 'ஃபிட் டு பேஜ்', அதாவது பக்கத்துக்குள் அடங்கும்படி இயந்திரமே அளவை மாற்றும் அமைப்பு. 97 சதவீதமாகச் சுருங்கினாலே கடைசிக் கட்டம் 4 மி.மீ.க்கு மேல் உள்ளே வந்துவிடும். 'நூறு பர்சென்ட், ஏ4' என்று கேட்டு வாங்குங்கள். தட்டில் ஏ4-ஐவிட நீளமான லீகல் தாள் இருந்தால் எல்லா மடிப்பும் போச்சு. ஒரே ஒரு பிரதி எடுத்து, கடையிலேயே மடித்துப் பார்த்த பிறகு ஐம்பது சொல்லுங்கள்.

பென்சிலும் வெளிர்நீலமும் சரியாக விழாது; கறுப்பு ஜெல் பேனாதான் நம்பகம். வெட்டி ஒட்டும் படங்களுக்கு நீர்ப்பசை வேண்டாம், தாள் சுருங்கி நிழல் விழும். பசைக்குச்சி போதும். வெட்டு ஓரம் கோடாகத் தெரிந்தால் மூலப்பிரதியில் அதன்மேல் ஒயிட்னர் தடவுங்கள். தாளின் கனம் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). அட்டைபோல் தடித்ததில் செய்தால் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: என்னதான் எழுதுவது?
– உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: கையால் எழுதினால் ஒரு பக்கத்துக்கு 35 சொல்தான் கொள்ளும். 'ஆய்வு வாழ்க்கை இனிது' என்று அதில் சொல்லிப் பயனில்லை. நூலகப் புத்தகத்தின் தேதிச்சீட்டை வரையுங்கள்: நெருக்கமாக ஏழெட்டு முத்திரை, பிறகு நீண்ட வெற்றிடம், அதன் கீழே உங்கள் தேதி. அது போதும். 2–3, 4–5, 6–7 தாளிலும் அடுத்தடுத்தே இருப்பதால், படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இழுக்கலாம். நெறியாளர் பெயரும் வெளிவராத தரவும் வேண்டாம்.

கேள்வி: பதினாறு பக்கம் வேண்டுமென்றால்?
– வாசகர், சேலம்

பதில்: நான்கு ஏ4 தாள், பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று. ஒரே முகத்தில் வரும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17: 16–1, 2–15, இப்படி. சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டாது. மடிப்பில் மூன்று துளையிட்டு, 60 செ.மீ. நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுங்கள். மேல் துளையில் உள்ளே, கீழ்த் துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. அங்கேயே முடிச்சு.