கூகுளில் எடுத்த பிரியாணிப் படத்துக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள்

கேள்வி: வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். என் அக்கா மகன் கூகுளில் எடுத்த ஒரு பிரியாணிப் படத்தைப் போட்டு எங்கள் இணையதளத்துக்கும் ஃபிளெக்ஸுக்கும் டிசைன் செய்து கொடுத்தான். இரண்டு வருடம் கழித்து இப்போது ஒரு வெளிநாட்டுப் பட நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. படம் அவர்களுடையதாம், 14 நாட்களுக்குள் 85,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். படத்தில் யார் பெயரும் இல்லை. பயந்துபோய் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டேன். பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: உடனே கட்ட வேண்டாம். அதற்காகப் பதில் போடாமலும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் பெயர் இல்லை என்பது ஒரு வாதமே இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த நொடியே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்யவும் வேண்டாம், © குறியும் வேண்டாம். வெளிநாட்டுப் படம் என்றாலும், அந்த நாடு பெர்ன் உடன்படிக்கையில் (பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தம்) இருந்தால் இங்கேயும் பாதுகாப்பு உண்டு. கூகுள் படத்தைத் தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அது யாருக்கும் அனுமதி தருவதில்லை. படத்தை இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டதாலும் இரண்டு வருடப் பயன்பாடு இல்லையென்று ஆகிவிடாது.

ஆனால் கேட்டவர்தான் உரிமையாளர் என்று எப்படித் தெரியும்? இது மாதிரி மின்னஞ்சல்களில் மோசடிகளும் கலந்திருக்கின்றன. அதில் இருக்கும் இணைப்பை அழுத்திப் பணம் செலுத்தாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்: படம் எடுத்தவர் யார், அவரிடமிருந்து உங்களுக்கு உரிமை வந்த ஆவணம் எங்கே, எந்தப் பக்கத்தில் எந்தத் தேதியில் பார்த்தீர்கள், தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள்? வழக்குப் போட உரிமையாளராகவோ, தனி உரிமம் (வேறு யாருக்கும் தராமல் ஒருவருக்கு மட்டும் தரும் அனுமதி) பெற்றவராகவோ இருக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். “தெரியாமல் செய்துவிட்டோம், மன்னியுங்கள்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். “எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று தொடங்குங்கள்; இந்தப் பதிலால் எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

அவர்கள் சரியான ஆவணம் காட்டினால் பேரம் பேசலாம். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று நம் சட்டம் நிலையான இழப்பீடு எதையும் வைக்கவில்லை. அதே படத்துக்கு அவர்கள் தளத்தில் உரிமக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து, பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். முடிவுக்கு வந்தால், இதுவரை செய்த எல்லாப் பயன்பாட்டுக்கும் இனி கோரிக்கை இல்லை என்று எழுதி வாங்கிய பிறகே பணம்.

பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63ஐச் சொல்லி அவர்கள் பயமுறுத்தலாம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பிணையை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் விரும்பினால் மட்டுமே தரக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றமே 2022இல் சொல்லியிருக்கிறது. கேட்கவே பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிரிவுக்கு “தெரிந்தே” மீறியிருக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், கடிதம் கையில் வந்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. ஆகவே ஃபிளெக்ஸையும் இன்றே இறக்குங்கள். வாட்ஸ்அப் கேட்லாக், இன்ஸ்டாகிராம் பழைய பதிவுகள், பொடி பாக்கெட் எல்லாவற்றையும் பாருங்கள். பக்கத்திலிருந்து நீக்கிய படம் சர்வரில் அப்படியே இருக்கலாம். இணையதளம் செய்தவரிடம் சொல்லி அதையும் அழிக்கச் சொல்லுங்கள். அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் படம் எங்கே எடுப்பது? உங்கள் பொடியில் நீங்களே ஆக்கிய பிரியாணியை ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுங்கள். மசாலா விற்பவருக்கு அதைவிட நல்ல படம் வேறு கிடையாது என்பது என் எண்ணம். காசு கொடுத்துப் போட்டோகிராபரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுக்கே. ஆனால் அக்கா மகன் சும்மா எடுத்துக் கொடுத்தால் உரிமை அவனுக்கு! சொந்தக்காரன்தானே என்று விடாமல் நாலு வரி எழுதி வாங்குங்கள்.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ் போன்ற தளங்களில் வியாபாரத்துக்கும் இலவசமாக எடுக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் (சில நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த விடும் உரிமம்) படங்களில் ‘என்சி’ என்று இருந்தால் தொடாதீர்கள், அது வணிகத்துக்கு இல்லை. காசு கட்டி வாங்கும் தளங்களிலும் ‘எடிட்டோரியல்’ (செய்தி, கட்டுரைக்கு மட்டும்) என்று குறித்த படத்தை விளம்பரத்தில் போட முடியாது. எங்கிருந்து எடுத்தாலும் உரிமப் பக்கத்தைத் தேதியுடன் சேமித்து வையுங்கள்.

தீபாவளிக்கு நடிகர் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அமிதாப் பச்சன், ஜெயா பச்சன் படம் போட்ட டைட்டன் விளம்பரத்தைத் தன் ஹோர்டிங்கில் போட்ட நகைக்கடைக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொன்னது. அங்கே பட உரிமை ஒரு பிரச்சினை, பிரபலத்தின் பெயர்-முக உரிமை இன்னொன்று.

14 நாள் என்பது அவர்களே வைத்த கெடு, சட்டம் வைத்தது அல்ல. ஆனால் நீதிமன்றச் சம்மன் வந்தால் அது வேறு கதை. அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அந்த மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.