அரிய அந்துப்பூச்சி எந்த வாரத்தில் வரும்?

கேள்வி: ஓராண்டாக வாரம் இருமுறை வீட்டின் பின்புறம் வெள்ளைத் துணி கட்டி, புறஊதா விளக்கு ஏற்றி அந்துப்பூச்சிகளைப் பார்த்து வருகிறேன். இதுவரை 140 வகைகளைப் படம் எடுத்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் ஒவ்வோர் இரவும் புதிதாக ஏதாவது வந்தது. இப்போது வந்தவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அரிய வகை எதுவும் கண்ணில் படவில்லை. இன்னும் சக்திவாய்ந்த விளக்கு வாங்கினால் வருமா? குளிரும் தொடங்கிவிட்டது. மறுபடி வெப்பம் வரும்வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடலாமா?

பதில்:

விளக்கும் வாங்க வேண்டாம், மூட்டையும் கட்ட வேண்டாம். ஓராண்டில் ஒரே இடத்தில் 140 வகை என்பது பெருமைப்பட வேண்டிய பட்டியல். அதை நீங்கள் குறைபட்டுக்கொண்டு எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அந்துப்பூச்சிகள் ஏறத்தாழ 1,60,000 வகை. வண்ணத்துப்பூச்சிகள் 18,000 அளவில் நின்றுவிடுகின்றன. ஆனாலும் ஊரெல்லாம் வண்ணத்துப்பூச்சியைத்தான் கொண்டாடுகிறது. இரவில் உலவும் பெருங்கூட்டத்தைத் தேடிப் போக முடிவெடுத்தவர் நீங்கள். ஆறு மாத வறட்சிக்குச் சோர்ந்துவிடாதீர்கள்.

அந்த வறட்சி எல்லோருக்கும் வரும். அந்த இடத்தில், அந்த விளக்குக்கு, அந்த நேரத்தில் வரக்கூடியவை பெரும்பாலும் வந்து முகம் காட்டிவிட்டன என்பதற்கு அது அடையாளம். மிச்சம் இருப்பவை வேறு நேரத்தில் பறக்கின்றன, வேறு செடியில் வாழ்கின்றன, அல்லது விளக்கைச் சட்டை செய்வதே இல்லை.

விளக்கு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது தெளிவாகும். விளக்கின் மேல் கொண்ட ஆசையால் விட்டில் அதில் விழுகிறது என்றே நாம் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேகப் படக்கருவிகளை வைத்து அந்தப் பறத்தலைப் பதிவு செய்தது. பூச்சி விளக்கை நோக்கிப் பாயவில்லை. தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகிறது. இயற்கையான இரவில் வானம் தரையைவிட வெளிச்சமானது. எது வெளிச்சமோ அதுவே மேல்பக்கம் என்று கொண்டு பறந்தால் நிலை தவறாது. பக்கத்தில் ஒரு விளக்கு எரியும்போது அந்தக் கணக்கு குலைந்து, பூச்சி அதையே சுற்றிச் சுற்றி வந்து சிக்கிக்கொள்கிறது. ஆகவே உங்கள் துணிக்கு வருபவை, பெரும்பாலும் சில பத்து மீட்டர் தொலைவுக்குள் தம் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவை. விளக்கின் சக்தியைக் கூட்டுவதால் மலைக்கு அப்பாலிருக்கும் அரிய பூச்சி கிளம்பி வந்துவிடாது. நீங்கள்தான் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து மணிக்கு என்றால், இரவின் பெரும்பகுதியை நீங்கள் பார்த்ததே இல்லை. அந்தி மங்கும் அரைமணி நேரத்தில் மட்டும் பறப்பவை உண்டு; நள்ளிரவு தாண்டிய பிறகே வெளிவருபவையும் உண்டு. பெரிய பட்டுப்பூச்சிக் குடும்பத்தின் ஆண் பூச்சிகளில் பல இந்த இரண்டாவது கூட்டம். வாரம் இருமுறை சில மணி நேரம் உட்காருவதற்குப் பதில், மாதம் ஒருமுறையாவது விடியும்வரை இருந்து பாருங்கள். முழுநிலவு நாளை விட்டுவிடுங்கள். நிலவொளியில் விளக்கின் பிடி தளர்ந்துவிடும். அமாவாசையை ஒட்டிய, மேகம் மூடிய, காற்றில்லாத, புழுக்கமான இரவே நமக்குப் பொன்னான இரவு. சட்டை முதுகில் ஒட்டுகிற அளவுக்குப் புழுங்குகிறதா? வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுத் துணியைக் கட்டுங்கள்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். அரிய பூச்சியைத் தேடுவதென்றால் முதலில் செடியைத் தேட வேண்டும்.

முதிர்ந்த அந்துப்பூச்சியின் ஆயுள் பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள்தான். அட்லஸ் அந்துப்பூச்சியைப் பாருங்கள். சிறகை விரித்தால் 24 சென்டிமீட்டர் அளவுக்கு வரும் அந்தப் பேருருவத்துக்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை எரித்து ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடுகிறது. ஆண்டின் மற்ற நாட்களில் அது முட்டையாகவோ, புழுவாகவோ, கூட்டுப்புழுவாகவோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் அரிது என்று சொல்லும் பலவற்றின் கதை இதுதான். அது இல்லாமல் இல்லை. அது சிறகோடு இருக்கும் அந்த வாரத்தில் நாம் அதன் செடியின் பக்கத்தில் இருப்பதில்லை.

உங்கள் பகுதியில் இருக்கக்கூடும் என்று ஆசைப்படும் ஒரு வகையை, ஒன்றே ஒன்றை, தேர்ந்தெடுங்கள். அதன் புழு எந்தச் செடியைத் தின்கிறது என்று படியுங்கள். பல புழுக்கள் ஒரே செடியையோ, ஒரே செடிக் குடும்பத்தையோ நம்பி வாழ்கின்றன. அந்தச் செடி எங்கெல்லாம் நிற்கிறது என்று பகலில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இலையைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். செடியின் அடியில் கருமிளகு போன்ற எச்ச உருண்டைகள் கிடந்தால் நேர் மேலே யாரோ குடியிருக்கிறார்கள். பருந்து அந்துப்பூச்சிகளின் புழு என்றால் அந்த உருண்டையில் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள்கூடத் தெரியும். அங்கிருந்து மெல்லத் தலையை உயர்த்தி, நடுநரம்பு வரை தின்று மிச்சம் விட்ட இலைகளைத் தேடுங்கள். புழு பெரும்பாலும் அந்த இலைக்குக் கொஞ்சம் தள்ளி, காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில் கைப்புறஊதா விளக்கைச் செடியின் மேல் பிடித்தால் பல புழுக்கள் இருண்ட இலைகளுக்கு நடுவே வெளிர்பச்சையாக ஒளிரும். முதன்முறை இதைக் கண்டபோது அதே புதரைப் பகலில் அரைமணி நேரம் சல்லடை போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். இரவில் அதில் 11 புழுக்கள் இருந்தன. அந்த ஒளியை நேராகக் கண்ணில் படவிடாதீர்கள். மயிரடர்ந்த புழு எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சிலவற்றின் மயிர் பட்டால் தடிப்போடு நிற்காமல் கடுமையான ஒவ்வாமைவரை போகும்.

ஒரு புழுவை எடுத்து வந்து, அதே செடியின் புதிய இலைகளைத் தினமும் கொடுத்து வளர்த்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. பல நேரங்களில் கூட்டிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் ஒட்டுண்ணிக் குளவி வெளிவரும். ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் புழுவில் எந்தக் குளவி வளர்கிறது என்பதும் அரிய தகவல், எழுதி வையுங்கள்.

விளக்கைச் சட்டை செய்யாதவை என்றேன் அல்லவா, அவற்றுக்கு வேறு உத்தி வேண்டும். கண்ணாடிச்சிறகு அந்துப்பூச்சிகளை நான் இரண்டு பருவம் விளக்கு வைத்தே தேடினேன். ஒன்றும் வரவில்லை. ஒருநாள் முற்பகலில் பூச்செடி ஒன்றில் குளவி என்று நினைத்து நான் ஒதுங்கி நின்ற ஒன்றுக்கு இடுப்பு மெலிந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன், நான் தேடிய பூச்சி. அவை பகலில் பறப்பவை. குளவி வேடமிட்டுப் பறவைகளை ஏய்ப்பவை. அன்றிலிருந்து பகலிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சும் பருந்து அந்துப்பூச்சிகளில் சிலவும் பகல்காரர்களே.

இனிப்புக்கு மயங்குபவை இன்னொரு கூட்டம். கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தைப் பழுப்புச் சர்க்கரையோடு பிசைந்து ஓரிரு நாள் புளிக்க வைத்து, அந்தி வேளையில் மரப்பட்டையில் கையகலத்துக்குப் பூசுங்கள். மங்கலான கைவிளக்கோடு ஒரு மணிக்கு ஒருமுறை ஓசைப்படாமல் போய்ப் பாருங்கள். மரப்பட்டை நிறத்தில் முன்சிறகும், அதன் அடியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளிச்சென்ற நிறத்தை மறைத்திருக்கும் பின்சிறகும் கொண்ட பெரிய பூச்சிகள் பலவற்றுக்கு விளக்கைவிட இதில்தான் நாட்டம். அவற்றில் நீலப்பட்டை கொண்ட ஒன்றின் கதையைக் கேளுங்கள். பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது இனப்பெருக்கம் செய்வதே நின்றுபோய், எப்போதாவது கடல் கடந்து வரும் விருந்தாளி ஆனது. இந்த நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தில் அது மீண்டும் குடியேறியிருக்கிறது. திரும்பி வந்ததை நாம் அறிந்தது, இரவு இரவாக உட்கார்ந்து குறிப்பெழுதியவர்களால்.

இப்போது குளிர். நீங்கள் வாழும் இடத்தில் ஆண்டு மழையால் பிரிகிறதா, வெயில் குளிரால் பிரிகிறதா என்பதைப் பொறுத்து விடை கொஞ்சம் மாறும். வறண்ட மாதங்களுக்குப் பின் மழை பெய்யும் நிலங்களில், முதல் நல்ல மழைக்கு அடுத்த சில இரவுகளைத் தவறவே விடாதீர்கள். மண்ணுக்குள் காத்திருந்த கூட்டுப்புழுக்கள் ஈரம் பட்டதும் ஒருசேர விழிக்கும். கடுங்குளிர் நாடுகளிலும் குளிர்மாதங்கள் வெறுமையானவை அல்ல. ஐரோப்பாவில் குளிர்காலத்தின் பெயரையே தாங்கிய ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது. அதன் ஆண் உறைநிலையை ஒட்டிய குளிரிலும் பறக்கும். பெண்ணுக்குச் சிறகு வெறும் குருத்து. மண்ணிலிருந்து வெளிவந்து மரத்தில் நடந்தே ஏறும். அதை எந்த விளக்கும் உங்களிடம் கொண்டு வராது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைவிளக்கோடு அடிமரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பறக்கும் வேறு சில வகைகள் புறப்படும் முன் சிறகுத் தசைகளை நடுக்கி நடுக்கியே மார்பின் வெப்பத்தை 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்த்திக்கொள்கின்றன. மார்பை மூடிய மயிர்ப்போர்வை அந்தச் சூட்டைக் காக்கிறது. உறைபனி இரவில் ஒரு பூச்சி அப்படி நடுங்கி நடுங்கிக் கிளம்புவதைப் பார்க்க நான் எத்தனை மணி நேரமும் நிற்பேன்.

ஒன்றும் வராத இரவையும் தேதி, நேரம், வெப்பநிலையோடு எழுதி வையுங்கள். மூன்று நான்கு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், எந்த வகை எந்த வாரத்தில் உங்கள் தோட்டத்தில் தலைகாட்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஓர் ஆண்டு வராததால் அழிந்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் யக்கா செடியைச் சார்ந்து வாழும் சிறிய அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள், ஆய்வகத்தில் 19 ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பிறகு பூச்சிகளாக வெளிவந்திருக்கின்றன.

படம் எடுப்பதில் உங்களுக்குப் பழக்கம் இருப்பதால் அதிகம் சொல்லத் தேவையில்லை. மேற்புறத்தோடு பக்கவாட்டையும், முடிந்தால் கீழ்ச்சிறகையும் எடுங்கள். சில இனங்களைப் படத்தால் மட்டும் பிரிக்கவே முடியாது. அவற்றுக்குக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கை அணைத்து, துணியில் இருப்பவற்றை அடர்ந்த புதருக்குள் மெல்ல உதறி விடுங்கள். இல்லையென்றால் காலைப் பறவைகளுக்கு நீங்களே பந்தி விரித்ததாகிவிடும். காப்புக் காடுகளுக்குள் போவதாக இருந்தால் முன் அனுமதி வாங்குங்கள்.

இந்தக் குளிரில் உங்களுக்கு நான் கொடுக்கும் வேலை கூடு தேடுவது. இலை உதிர்ந்த கிளைகளில் உதிராமல் தொங்கும் சுருண்ட இலை ஒன்றிரண்டு இருக்கும். அருகில் போய்ப் பாருங்கள். பட்டு நூலால் காம்போடு கட்டப்பட்டிருந்தால் அது பட்டுப்பூச்சிக் குடும்பத்தின் கூடாக இருக்கலாம். ஒரு முனை திறந்திருந்தால் பூச்சி போய்விட்டது. ஊசித்துளை போன்ற ஓட்டை இருந்தால் குளவி முந்திக்கொண்டது. மூடியும் கனமாகவும் இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அதைப் பறிக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, பருவம் திரும்பும்போது ஒவ்வொரு மாலையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

பிரெஞ்சு இயற்கையியலாளர் ஜான் ஆன்றி ஃபாப்ர் வீட்டில் ஒரு காலை, பெரிய மயில் அந்துப்பூச்சியின் பெண் ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்தது. அதை அவர் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்றிரவே ஏறத்தாழ 40 ஆண் பூச்சிகள் இருட்டில் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. பெண் காற்றில் விடும் மணப்பொருளே அவற்றை அழைத்தது. அத்தகைய மணப்பொருள் ஒன்றை முதன்முதலில் வேதியியலார் பிரித்து அறிந்தது 1959இல். அதற்கு ஏறத்தாழ 5,00,000 பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன. ஆணின் உணர்கொம்போ அதன் மிகச் சில மூலக்கூறுகளையே பிடித்துவிடும்.

நீங்கள் குறித்து வைத்த கூட்டிலிருந்து வருவது பெண்ணாக இருந்தால், சிறகை உலர்த்திக்கொண்டு அந்தக் கிளையிலேயே தொங்கும். அன்று விளக்கை ஏற்ற வேண்டாம். ஒரு நாற்காலியைக் கொண்டுபோய், கிளைக்குப் பத்தடி தள்ளி, காற்று வீசும் திசையில் போட்டு உட்காருங்கள்.