குரல் மாறும் இடம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொஞ்ச காலமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறேன். வயது 38. சுருதி, அதாவது ஆதார ஸட்ஜத்தின் உயரம், ஒரு கட்டை. மத்திய ஸ்தாயியில் எந்தச் சிக்கலும் இல்லை. மேல் ஸட்ஜத்தைத் தாண்டி ரிஷபம், காந்தாரம் என்று போகும்போது தொண்டை இறுகுகிறது. இன்னும் அழுத்தினால் குரல் சட்டென்று உடைந்து, பெண் குரல் மாதிரி மெலிந்த ஒன்று வெளியே வருகிறது. கூடப் பாடுகிறவர்கள் அதைக் கள்ளக்குரல் என்கிறார்கள். அதைத் தொடவே கூடாதாம். இணையத்தில் தேடினால் செஸ்ட் வாய்ஸ், ஹெட் வாய்ஸ், ஃபால்செட்டோ, மிக்ஸ், விசில் என்று ஆளுக்கொரு ரெஜிஸ்டர் பட்டியல் போடுகிறார்கள். மார்பிலிருந்து பாடு, நெற்றியிலிருந்து பாடு என்கிறார்கள். குரல் தொண்டையிலிருந்துதானே வருகிறது?

என் மனைவியும் பாடுவாள். அவளுக்கு ஐந்து கட்டை. என்னைப் போல மேலே போய் உடைவதில்லை. ஆனால் நடுவில், பஞ்சமத்தைத் தாண்டியதும் ஓரிடத்தில் குரல் காற்றாகப் போய்விடுகிறது என்கிறாள். பெண்களுக்கு ரெஜிஸ்டர் வேறா? என் உடைவு சரியாகுமா, அல்லது சுருதியைக் குறைத்துக்கொள்வதுதான் வழியா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், குரல் தொண்டையிலிருந்துதான் வருகிறது. கீழ்ஸ்தாயியில் பாடும்போது நெஞ்செலும்பின் மேல் கையை வைத்துப் பாருங்கள், அதிர்வு நன்றாகத் தெரியும். மேலே போகப் போக அது மறைந்து, கன்னத்திலும் மூக்கின் அடியிலும் ஒரு கூச்சம் மாதிரி உணர்வீர்கள். பழைய பாட்டு ஆசிரியர்களுக்குத் தொண்டைக்குள் எட்டிப் பார்க்க வழி இல்லை. உணர்ந்ததை வைத்து மார்பு, தலை என்று பெயர் வைத்தார்கள். பாடுகிறவருக்கு அந்த உணர்வு நல்ல அடையாளம்தான், ஆனால் மார்பும் நெற்றியும் ஒலியை உண்டாக்குவதில்லை. ‘நெற்றிக்கு அனுப்பு’ என்று யாராவது சொன்னால், அந்த உணர்வு வருகிற மாதிரிப் பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

உண்மையில் நடப்பது குரல்வளைக்குள். அங்கே குரல்நாண்கள் என்ற இரண்டு சதை மடிப்புகள் எதிரெதிரே இருக்கின்றன. வளர்ந்த ஆணுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மூச்சு அவற்றைத் தள்ளித் திறக்கிறது, அவை மறுபடி மூடுகின்றன. ஒரு கட்டை ஸட்ஜத்தில் நீங்கள் நிற்கும்போது இது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 131 முறை நடக்கிறது. மேல் ஸட்ஜத்தில் அதுபோல இரண்டு மடங்கு, 262.

இந்த மடிப்புகளை ஆளும் தசைகளில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். ஒன்று மடிப்பின் உள்ளேயே ஓடுகிற தசை. அது இறுகினால் மடிப்பு குட்டையாகி, தடித்து, முழு ஆழத்துக்கும் ஒன்றோடொன்று மோதும். ஒவ்வொரு சுற்றிலும் மூடியிருக்கும் நேரமும் அதிகம். அதனால்தான் பேச்சுக்குரல் கனமாக, நிறைவாகக் கேட்கிறது. செஸ்ட் என்பது இதைத்தான். இன்னொன்று வெளியே இருக்கிற தசை. அது குரல்வளையின் குருத்தெலும்பைச் சாய்த்து மடிப்பை நீட்டுகிறது. இது இழுத்து, உள்தசை தளர்ந்துவிட்டால் மடிப்பு மெல்லிசாகி ஓரம் மட்டும் அதிரும். மூடும் நேரமும் குறைவு. ஒலி லேசாகிவிடுகிறது. ஹெட் வாய்ஸ், ஃபால்செட்டோ எல்லாம் இந்தப் பக்கம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரெஜிஸ்டர் என்றால் ஸ்தாயி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்தாயி சுரத்தின் உயரத்தைச் சொல்கிறது. ரெஜிஸ்டர் அந்தச் சுரத்தைக் குரல்நாண்கள் எந்த விதத்தில் அதிர்ந்து கொடுக்கின்றன என்பதைச் சொல்கிறது. மேல் ஸட்ஜம் ஒரே சுரம்தான். அதைத் தடித்த மடிப்பிலும் பாடலாம், மெல்லிய மடிப்பிலும் பாடலாம். உங்களுக்கு மேல் ஸட்ஜத்துக்குச் சில சுரம் கீழேயும் மேலேயும் இப்படி இரண்டு விதமாகவும் பாடக்கூடிய பொதுவான பகுதி ஒன்று இருக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நிறைகுடம் மாறும்போது ஒரு கணம் நான்கு கைகளும் அதன் மேல் இருக்குமே, அந்த மாதிரி. கொடுப்பவர் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, கை சோர்ந்ததும் திடீரென்று விட்டால் என்ன ஆகும்? உங்கள் காந்தாரத்தில் அதுதான் ஆகிறது. உள்தசை தன்னால் முடிகிற எல்லைவரை இறுக்கிப் பிடிக்கிறது. முடியாதபோது மொத்தமாக விட்டுவிடுகிறது. மடிப்பு ஒரு நொடியில் தடிப்பிலிருந்து மெல்லிசுக்குத் தாவுகிறது, சுரமும் கூடவே தாவுகிறது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் யோடல் பாடகர்கள் இதே தாவலை வேண்டுமென்றே செய்து அதையே அழகாக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. மாற்றம் தாமதமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை ரெஜிஸ்டர் என்று ஆளுக்கொரு கணக்கு வருவதற்குக் காரணம், சிலர் அதிர்வு முறையை எண்ணுகிறார்கள், சிலர் காதில் விழும் நிறத்தை எண்ணுகிறார்கள். மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854-ல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியைத் திருப்பிவிட்டு, பாடும்போது குரல்நாண்கள் அசைவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதைச் சமர்ப்பித்தார். இன்றைய தொண்டை மருத்துவர்களின் பரிசோதனைக்கு அது ஒரு தொடக்கம். அதைச் செய்தது ஒரு பாட்டு வாத்தியார் என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. ரெஜிஸ்டர் என்பது ஒரே இயக்க முறையில் பிறக்கும் அடுத்தடுத்த சுரங்களின் வரிசை என்பது அவர் தந்த விளக்கம். அதை வைத்து எண்ணினால் நான்கு வருகிறது. அடியில் கரகரவென்று தனித்தனித் துடிப்பாகக் கேட்கும் வோக்கல் ஃப்ரை. அதற்கு மேல் தடித்த முறை. பிறகு மெல்லிய முறை. எல்லாவற்றுக்கும் உச்சியில் விசில். ஃப்ரையும் விசிலும் இப்போதைக்கு உங்களுக்குத் தேவை இல்லை. அமெரிக்கப் பாடகிகள் மினி ரிப்பர்ட்டனும் மரியா கேரியும் விசிலில் செய்தவற்றைக் கேட்டு மகிழுங்கள், அது போதும்.

மிக்ஸ் இந்த நான்கில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கழுத்தின் இரு பக்கமும் சிறு மின்தகடுகளை ஒட்டி, குரல்நாண்கள் எவ்வளவு ஒட்டுகின்றன என்று அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. தேர்ந்த பாடகர்கள் கலப்புக்குரலில் பாடும்போது அப்படி அளந்து பார்த்தால், அவர்கள் தடித்த முறையிலோ மெல்லிய முறையிலோ ஏதாவது ஒன்றில்தான் இருக்கிறார்கள். தடித்ததை லேசாக்கியோ, மெல்லியதற்கு உடம்பு கொடுத்தோ, ஒன்று மற்றதைப் போல ஒலிக்கும்படி செய்கிறார்கள். எனவே மிக்ஸ் என்ற தனி அறையைத் தேடி அலையாதீர்கள். இரண்டு முறைகளையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் கொண்டுவரும் திறமைக்குத்தான் அந்தப் பெயர்.

கள்ளக்குரல் என்று உங்கள் நண்பர்கள் ஒதுக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆணிடம் ஃபால்செட்டோ என்று சொல்வதும் பெண்ணிடம் ஹெட் வாய்ஸ் என்று சொல்வதும் அடிப்படையில் ஒரே மெல்லிய முறைதான். மடிப்புகள் சரியாகச் சேராமல் காற்று ஒழுகினால் அது பலவீனமாகக் கேட்கிறது. நன்றாகச் சேர்ந்தால் அதே குரல் உறுதியாகிவிடும். ஆல்ஃபிரட் டெல்லர் என்ற ஆங்கிலப் பாடகர் இந்த முறையிலேயே பாடி, மறந்துபோயிருந்த கவுண்டர்டெனர் குரலை, அதாவது பெண் குரலின் உயரத்தில் பாடும் ஆண் குரலை, இருபதாம் நூற்றாண்டில் மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். உங்களுக்கு அது மெலிந்து வருகிறது என்றால் காரணம் எளிது. அதை நீங்கள் ஒரு நாளும் பழக்கவில்லை. உங்கள் தடித்த குரல் பேச்சினாலேயே தினமும் பயிற்சி பெறுகிறது. மற்றது விபத்தாக மட்டும் வெளியே வருகிறது. அதைத் தொடவே கூடாது என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் உடைவு உடைவாகவே இருக்கும்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன், இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. தடித்ததிலிருந்து மெல்லியதற்கு மாறும் இடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சுரத்தளவில் ஏறத்தாழ ஒன்றேதான், 300 முதல் 350 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரு கட்டையில் உங்களுக்கு அது மேல் ரிஷபத்திலிருந்து மத்தியமம் வரை. ஐந்து கட்டையில் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அப்படியானால் 300 வருவது மத்திய ஸ்தாயி பஞ்சமத்தை ஒட்டி, 350 நிஷாதத்தை ஒட்டி. அவர் சொல்லும் இடம் மிகச் சரி. அந்த மாற்றம் உங்களுக்கு உச்சியில் வருகிறது, அவருக்குப் பாட்டின் நடுவிலேயே வருகிறது. அதனால் அவர் தினமும் பல முறை அதைக் கடந்து பழகிவிட்டார், தாவலாகக் கேட்பதில்லை. கடந்ததும் மடிப்புகள் சரியாகச் சேரவில்லை, அதனால் காற்று. அவர் அந்த மூன்று சுரங்களில் சத்தம் கூட்டாமல் தெளிவு கூட்ட முயலட்டும். ‘ங’ என்று மூக்கொலியில் பிடித்து, அப்படியே ‘ஈ’க்குத் திறந்தால் பெரும்பாலும் காற்று குறைந்துவிடும்.

உங்களுக்கான பயிற்சி மேலிருந்து கீழே வருவது. உடைவுக்குப் பிறகு வருகிற அந்த மெலிந்த குரலில், மேல் பஞ்சமத்தில், மெதுவாக ‘ஊ’ என்று தொடங்குங்கள். சத்தம் வேண்டாம். அங்கிருந்து வழுக்கிக்கொண்டு மத்திய ஸ்தாயி பஞ்சமம் வரை இறங்குங்கள். ஓரிடத்தில் குரல் தானாகக் கனத்துக்கொள்ளப் பார்க்கும். அதை விடாமல், மெல்லிசாகவே இன்னும் இரண்டு மூன்று சுரம் கீழே கொண்டுவாருங்கள். முதலில் வெறும் காற்றாக இருக்கும், பரவாயில்லை. ‘ஊ’வைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த உயிரெழுத்துக்கு வாயறையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது வாயறை தானாக ஒலியை வலுப்படுத்தும் உயரம், 300 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது, மாறும் இடத்தில் அது குரலைத் தாங்கிப் பிடிக்கும். ‘ஆ’வுக்கு அது 700-ஐ ஒட்டி. நீங்கள் 350-ல் ‘ஆ’ என்று அகலத் திறந்தால் குரலின் முதல் மேற்சுரம், அதாவது அடிச்சுரத்தின் இரு மடங்கு, அந்த 700-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். சத்தம் பிரமாதமாக வரும், அது கத்தலின் சத்தம். அதைத் தக்கவைக்கத்தான் குரல்வளை மேலேறுகிறது, தாடை தூக்குகிறது. கண்ணாடி முன் நின்று பாடுங்கள், இரண்டும் கண்ணுக்கே தெரியும். ஆகவே மேலே போகும்போது ‘ஆ’வைக் கொஞ்சம் ‘ஓ’ பக்கம் சாய்த்துப் பாடுங்கள். கேட்கிறவருக்கு ‘ஆ’வாகத்தான் கேட்கும்.

‘ஊ’ பழகிய பிறகு, மேல் ஸட்ஜத்தில் ஒரே மூச்சில் மெல்லிசாகத் தொடங்கி மெதுவாக வலு கூட்டுங்கள், மறுபடி குறையுங்கள். நடுவில் எங்கோ ஒரு சின்ன ‘டக்’ வரும். அதுதான் குடம் கை மாறும் கணம். அது வரட்டும், மறைக்காதீர்கள். தினம் பத்து நிமிடம் செய்தால் சில மாதங்களில் அந்த ‘டக்’ சிறிதாகிக்கொண்டே போகும். வலித்தால் நிறுத்துங்கள். பாடி முடித்ததும் பேச்சுக்குரல் கரகரத்தால் அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மேல் சுரங்களை முழு மார்புக்குரலில் பாடுவதே வீரம் என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கில்பர்ட் டுப்ரே என்ற பிரெஞ்சுப் பாடகர் 1837-ல் பாரிஸ் ஓப்பராவில் ரோசினியின் நாடகம் ஒன்றில் உச்ச சுரத்தை அப்படிப் பாடி அரங்கத்தை மயக்கினார். அதுவரை ஆண் பாடகர்கள் அந்த உயரத்தை லேசான குரலில்தான் தொட்டார்கள். ரோசினிக்கு அந்தப் புதுப் பாணி பிடிக்கவே இல்லை. எனக்கு அந்தக் கனத்த ஒலி பிடிக்கும். ஆனால் மாற்றத்தைக் கற்ற பிறகு வருகிற கனம் வேறு, கற்காமல் அழுத்துகிற கனம் வேறு.

சுருதியைக் குறைப்பதா என்று கேட்டீர்கள். பயிற்சிக்கு ஒரு கட்டையே இருக்கட்டும், மாறும் இடத்தை அங்கே தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பிறர் முன்னால் பாடும்போது இப்போதைக்கு அரைக் கட்டை இறங்கிப் பாடுங்கள். மேல் காந்தாரத்தில் ‘ஊ’ உடையாமல் நின்ற பிறகு, அதே இடத்தில் ‘ஓ’, அப்புறம் ‘ஆ’ நின்ற பிறகு, பழைய சுருதிக்குத் திரும்பலாம்.

அன்புடன்.