பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. எட்டு வருடமாக முழங்கை, முழங்கால், தலையில் சோரியாசிஸ். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் லேப் ஆள், "கால்சியத்தைப் பிடித்து வைக்கிற புரோட்டீன் ஒன்று அதிகமானதால்தான் இந்த வியாதி, அதற்குத் தனி டெஸ்ட் இருக்கிறது" என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார். பால், கேழ்வரகு, எலும்புக்காக எடுக்கும் கால்சியம் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அவருக்குத் தெரிந்தவர் ஒரு எண்ணெயும் தருகிறாராம். என்ன செய்யலாம்?

பதில்: எதையும் நிறுத்த வேண்டாம். டெஸ்ட்டும் வேண்டாம். அந்த எண்ணெய்தான் எனக்குக் கவலை, அதற்குப் பிறகு வருகிறேன்.

லேப் ஆள் சொன்ன புரோட்டீன் கற்பனை அல்ல. அதன் பெயர் சோரியாசின். ஆராய்ச்சிக்காரர்கள் எஸ்100ஏ7 என்பார்கள். 1991இல் சோரியாசிஸ் வந்த தோலில் ஏராளமாகக் கிடைத்ததால் அந்தப் பெயர். கால்சியம் ஒட்டிக்கொள்ள அதில் இடம் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரு மூலக்கூறு பிடித்துக்கொள்வது ஓர் அணு கால்சியம், அதையும் செல்லிலும் அதைச் சுற்றியும் ஏற்கெனவே இருப்பதிலிருந்துதான் எடுக்கிறது. அம்மா குடிக்கும் பாலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் கால்சியம் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும்படி, தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பி பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டில் குறைத்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். 58 வயதில் மாத்திரையை நிறுத்தினால் தோலில் ஒரு செதில்கூடக் குறையாது. தேய்வது எலும்புதான்.

சோரியாசின் உண்மையில் நம் தோலுக்குக் காவல்காரன். ஈ.கோலை கிருமிக்குத் தேவையான துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொண்டு அதைச் சாகடிக்கும். இது 2005இல் தெரியவந்தது. சோரியாசிஸில் கோளாறு தொடங்குவது நோய் எதிர்ப்பு அணுக்களில். அவை கொடுக்கும் தவறான உத்தரவால் தோல் அவசர அவசரமாக வளர்கிறது, ஒரு மாத வேலையை ஒரு வாரத்துக்குள் முடிக்கிறது, கூடவே சோரியாசினையும் கொட்டுகிறது. அது போய் இன்னும் நாலு எதிர்ப்பு அணுக்களைக் கூட்டி வருகிறது. ஆக, அதற்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் ஆரம்பித்து வைத்தது அது இல்லை. எக்ஸிமாவிலும் அது கூடும், சாதாரணக் காயத்திலும் கூடும். ரிப்போர்ட்டில் எந்த எண் வந்தாலும் அம்மாவுக்கு எழுதும் மருந்து ஒன்றுதான். சிகிச்சையை மாற்றாத டெஸ்ட்டுக்கு எதற்குப் பணம்?

சோரியாசிஸைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தால் தடிப்பை மெல்லச் சுரண்டினால் மெழுகுவத்தியைச் சுரண்டியதுபோல வெள்ளைத் தூள் உதிரும். இன்னும் சுரண்டினால் ஈரமான மெல்லிய சவ்வு, அதுவும் போனால் குண்டூசி முனைபோல ரத்தப் புள்ளிகள். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சுரண்டிய இடத்தில் புதுத் தடிப்பு கிளம்பலாம். சந்தேகம் இருந்தால் பூஞ்சையா என்று பார்க்க ஒரு கேஓஎச் டெஸ்ட், அதிலும் தெளியாவிட்டால் சின்னதாக ஒரு பயாப்சி. லேபுக்குப் பணம் கொடுக்க வேண்டிய இடம் வேறு: சோரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கும் முன்பும் சாப்பிடும்போதும் ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பேக்கேஜில் இவை இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

கால்சியமும் சோரியாசிஸும் நிஜமாகவே மோதும் இடம் ஒன்று உண்டு, ஆனால் லேப் ஆள் சொன்னதற்கு நேர் எதிராக. கால்சியம் குறைந்தால்தான் ஆபத்து. தைராய்டு ஆபரேஷனில் பாராதைராய்டும் சேர்ந்து போனவர்களுக்கு, சில சமயம் கர்ப்பிணிகளுக்கு, கால்சியம் சரிந்து உடம்பெங்கும் சீழ்க் கொப்புளங்களாகச் சோரியாசிஸ் வெடிக்கலாம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, கை கால் இழுப்பு, காய்ச்சல், சிவந்த தோலில் ஊசிமுனைச் சீழ்ப்பொட்டுகள் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இங்கும் ஒரு வழுக்கல் இருக்கிறது. இந்த நிலையில் ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் ஆல்புமின் என்ற புரோட்டீனும் இறங்கும், அதனால் கால்சியம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிப் பார்க்க வேண்டும். கால்சியம் 7.6, ஆல்புமின் 2.5 என்றால் 1.2 கூட்டி 8.8, அது சரியான அளவுதான். புரோட்டீனோடு ஒட்டாத கால்சியத்தை மட்டும் அளக்கும் அயனைஸ்டு கால்சியம் டெஸ்ட் எடுத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆல்புமின் இல்லாமல் கால்சியத்தை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கால்சிபோட்ரியால் களிம்பு எழுதியிருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இது வைட்டமின் டி வகை மருந்து. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 100 கிராமைத் தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். சாலிசிலிக் ஆசிட் கலந்த களிம்பை அதே இடத்தில் அதோடு சேர்த்துப் பூசினால் கால்சிபோட்ரியால் செத்துவிடும். "பூசிப் பூசிப் பார்த்தேன், கேட்கவில்லை" என்பவர்களில் பலர் செய்யும் தவறு இது. வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் வைட்டமின் டியைத் தினமும் விழுங்குவதும் கால்சியத்தை ஏற்றும்.

இப்போது எண்ணெய். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து ஊதா நிறமாக எடுக்கும் தைலம் நம் ஊருக்குப் பழசு. சித்த மருத்துவர் எழுதி, லைசென்ஸ் எண்ணும் தயாரித்த தேதியும் உள்ள பாட்டிலில் வந்தால் எனக்கு அதோடு சண்டை இல்லை. லேபிள் இல்லாத பாட்டில், கூடவே ஒரு பொட்டலம் சூரணம், "நாலே நாளில் வெள்ளையெல்லாம் போகும்" என்றால் உஷார். நாலு நாளில் அப்படி அடக்குவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. முகம் உப்பும், தொடையில் கோடு விழும், சர்க்கரை ஏறும். பொட்டலத்தைத் திடீரென நிறுத்தினால் மேலே சொன்ன அதே சீழ்க் கொப்புளத்தில் கொண்டுபோய் விடலாம். ஆங்கில மருந்துக் கடை மட்டும் யோக்கியமா? ஸ்டீராய்டு களிம்புகளை 2018இல் ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தார்கள். சீட்டு இல்லாமல் தரக் கூடாது. இன்றைக்கும் கவுன்ட்டரில் கையை நீட்டினால் குளோபெட்டசால் டியூப் வந்து விழுகிறது. கேட்பாரில்லை.

அம்மா ஏற்கெனவே அந்த எண்ணெயையோ சூரணத்தையோ தொடங்கியிருந்தால், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அந்த வாரத்திலேயே தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பாட்டிலையும் பொட்டலத்தையும் தூக்கி எறியாமல், பூசிய களிம்பு டியூப்கள் காலியாக இருந்தாலும் அவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.